வீட்டிலேயே கியர் ஒயில் மாற்றுதல்: திருகோணமலையில் மனுவல் கார் வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

எஞ்சின் ஒயில் மாற்றத் தெரிந்தவருக்குக் கியர் ஒயில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. மாற்றுவதற்கு ஃபில்டர் கிடையாது. ஆனால் பெரும்பாலான மனுவல் கியர்பொக்ஸுகளில் அளவு பார்க்கும் கோலும் கிடையாது. வீட்டில் செய்யும்போது வரும் பிழைகளில் பாதி, கோல் இல்லாததால் வருபவைதான். வடிப்பது சுலபம், சரியான ஒயிலைச் சரியான மட்டத்துக்கு நிரப்புவதில்தான் வேலை இருக்கிறது.

எஞ்சின் ஒயில் மாற்றும்போது கியர் ஒயிலும் சேர்ந்து மாறிவிடாதா?

மாறாது. கார், வான், பட்டா லொறி என அநேகமாக எல்லாவற்றிலும் இரண்டும் வெவ்வேறு அறைகள், வெவ்வேறு நட்டுகள். சேர்விஸ் பில்லில் “கியர் ஒயில்” என்று தனி வரி இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கை மாறி வந்த பழைய காரில் முதல் உரிமையாளர் காலத்து ஒயிலே இன்னும் கிடப்பது சாதாரணம்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கைநூலில் உள்ள எண்தான் முதல் விதி. கைநூல் இல்லையென்றால் 40,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் எந்தச் சாதாரண காருக்கும் தவறு வராது. மாதக்கணக்கில் கடற்கரை வெளியில் நிற்கும் கார், தண்ணீர் ஓடும் வீதியில் இறங்கிய கார், கந்தளாய் பக்கம் மூட்டை ஏற்றி ஓடும் வான் ஆகியவற்றுக்குக் கணக்கை இன்னும் குறுக்குங்கள். எப்போது மாற்றியது என்று தெரியாத காரை வாங்கினால், யோசிக்காமல் ஒருமுறை மாற்றிவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

எந்த ஒயில் ஊற்ற வேண்டும்? கடையில் ஜீஎல்-4, ஜீஎல்-5 என்று இரண்டு தருகிறார்கள். 5 தானே உயர்ந்தது?

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எண் பெரிதானால் தரம் கூடியது என்று அர்த்தமில்லை. அவை இரண்டு வேறு வேலைகளுக்கான ஒயில்கள்.

ஜீஎல்-5, பின் அக்ஸலில் இருந்து பலத்தைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்காக வந்தது. அங்கே பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி பெரும் அழுத்தத்தில் ஓடும். அதைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பொஸ்பரசும் கலந்த சேர்மானம் ஜீஎல்-4இல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ப்பார்கள்.

முன் சில்லு இழுக்கும் காரின் கியர்பொக்ஸில் நிலைமை வேறு. கியர் மாற்றும்போது, ஓடும் சக்கரத்தின் வேகத்தைப் பிடித்துச் சமப்படுத்துவது ‘சிங்க்ரோ’ வளையம். பெரும்பாலும் அது பித்தளை. அது பிடிக்க வேண்டுமானால் கொஞ்சம் உராய்வு தேவை. ஒயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது ‘கர்ர்’ என்று அரைக்கும். பழைய வகை ஜீஎல்-5இல் இருந்த கந்தகம் பித்தளையையே அரித்ததும் உண்டு. இப்போதைய ஒயில்களில் அந்த அரிப்பு குறைவு, ஆனால் வழுக்கல் பிரச்சினை அப்படியேதான்.

ஆகவே கைநூல் ஜீஎல்-4 என்றால் ஜீஎல்-4 மட்டுமே. “ஜீஎல்-4 அல்லது ஜீஎல்-5” என்று கைநூலே சொன்னால் இரண்டும் சரி. பழைய கொரோலாக்களில் வரும் சீ50 வகைக் கியர்பொக்ஸுக்கு டொயோட்டா அப்படித்தான் சொல்கிறது. தெரியாவிட்டால் ஜீஎல்-4 பக்கம் சாயுங்கள்.

75டபிள்யூ-90, 80டபிள்யூ-90: நம்ம ஊர் வெயிலுக்கு எது?

‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுவது. 75 என்பது சுழியத்துக்குக் கீழே 40 பாகையிலும், 80 என்பது கீழே 26 பாகையிலும் சோதிக்கப்படும். நிலாவெளியில் நிற்கும் காருக்கு இந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை. சூடான கியர்பொக்ஸில் பற்களைக் காப்பது பின்னால் உள்ள 90. இரண்டு போத்தலிலும் அது ஒன்றுதான்.

ஆனாலும் 75டபிள்யூ-90 கேட்கும் கியர்பொக்ஸுக்கு அதையே கொடுங்கள். காலையில் முதல் சில நிமிடங்கள் கியர் லேசாக விழும். 80டபிள்யூ-90 ஊற்றினால் கெட்டுப்போகாது, ஆறிக்கிடக்கும்போது சற்று இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். புதிய சுசுக்கிகள் சில 75டபிள்யூ-80 கேட்கும். அதற்கு 90 ஊற்றினால் இந்த இறுக்கம் இன்னும் கூடும்.

இன்னொன்று: கியர் ஒயில் 90 என்பது எஞ்சின் ஒயில் 40ஐ விட இரண்டு மடங்கு தடிப்பு என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு அளவுகோல். 100 பாகைச் சூட்டில் கியர் ஒயில் 90 ஏறக்குறைய எஞ்சின் ஒயில் 40 அல்லது 50 அளவுத் தடிப்பில்தான் இருக்கும்.

ஹொண்டாவுக்கும் இதேதானா?

இல்லை. ஹொண்டா மனுவல் கார்களுக்கு எம்டிஎஃப் என்ற அவர்களுடைய தனி ஒயில். அது கிடைக்காத அவசரத்துக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எஞ்சின் ஒயிலைத் தற்காலிகமாக ஊற்றலாம் என்று பழைய ஹொண்டா கைநூல்களே சொல்கின்றன. தடித்த 90 கியர் ஒயிலை ஹொண்டாவில் ஊற்றிவிட்டு “கியர் விழுதில்லை” என்று கிளச்சைக் கழற்ற வேண்டாம். இன்னும் சில கம்பனிகள் மனுவல் கியர்பொக்ஸிலேயே ஏடிஎஃப் என்ற சிவப்பு ஒயில் ஊற்றச் சொல்லும். வடியும் பழைய ஒயில் சிவப்பாக இருந்தால் நிறுத்தி விசாரியுங்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

சிறிய முன் சில்லு இழுக்கும் கார்கள் பெரும்பாலும் 2 லீற்றரையொட்டிப் போகும். கொரோலா சீ50க்கு 1.9 லீற்றர். மாருதி, அல்டோ போன்றவற்றுக்கு ஒரு லீற்றர்ப் போத்தல் மூன்று வாங்கினால் கைவசம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் தேவை: குழாயில் ஒட்டுவது, சிந்துவது, மட்டம் பார்க்கும்போது வழிவது எல்லாம் சேர்ந்து கால் லீற்றர் போய்விடும். பாதி வேலையில் ஒயில் முடிந்து, காரை அசைக்க முடியாமல், பூட்டிய கடை வாசலில் நிற்பதைவிட ஒரு போத்தல் மிஞ்சுவது மேல்.

கைநூல் இல்லை, இருந்தாலும் ஜப்பான் மொழியில். கியர்பொக்ஸ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும். டொயோட்டாவில் அந்தத் தகட்டின் கீழ் வரிகளில் கியர்பொக்ஸ் குறியீடும் அக்ஸல் குறியீடும் அடுத்தடுத்து அச்சிட்டிருக்கும். தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள். காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் நாலு வகைக் கியர்பொக்ஸ் வந்திருக்கும்.

ஒயில் எங்கே வாங்குவது, போலியை எப்படித் தெரிந்துகொள்வது?

பெற்றோல் செட்டுகளிலும் டவுன் உதிரிப்பாகக் கடைகளிலும் கிடைக்கும். சீனக்குடாவிலேயே லங்கா ஐஓசியின் ஒயில் கலக்கும் ஆலை இருப்பதால் சேர்வோ போத்தல்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எந்தப் பெயரானாலும் மூடி வளையம் உடையாமல் இருக்க வேண்டும். வாயின் தகட்டு ஒட்டு சுருங்காமல் இருக்க வேண்டும். தொகுதி எண் அழியாமல் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் ஒயிலை எஞ்சினுக்கு ஊற்றுபவர்களும் கியர்பொக்ஸுக்கு ஊற்ற வேண்டாம். அது ஜீஎல்-4ஆ 5ஆ என்று விற்பவருக்கே தெரியாது.

என்னென்ன சாமான் தேவை?

நட்டுக்குப் பொருந்தும் சொக்கற்தான் முக்கியம். கொரோலா சீ50இல் ஒயில் வடிக்கும் கீழ் நட்டு, ஊற்றும் மேல் நட்டு இரண்டுக்கும் 24 மில்லிமீற்றர். ஹொண்டாவில் கீழ் நட்டுக்கு 3/8 அங்குலச் சதுரம் (ராட்செற்றின் தலையே உள்ளே போகும்), மேல் நட்டுக்கு 17. ஐரோப்பியக் கார்களில் உள்ளே நுழைக்கும் அலன் சாவி வரும். முதல் நாளே குனிந்து பார்த்து அளவெடுத்து, சொக்கற்றைப் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

இவை தவிர: அகலமான பேசின், பழந்துணி, கம்பித் தூரிகை, புதிய வாசர் இரண்டு, புனல், ஒரு மீற்றருக்குக் குறையாத தெளிந்த குழாய். குழாய்க்கு அலைய வேண்டாம். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் லெவல் டியூப் ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும். 10 அல்லது 12 மில்லிமீற்றர் வாங்குங்கள். அதைவிட ஒடுங்கியதில் 90 ஒயில் இறங்கப் பொழுது சாய்ந்துவிடும். திருப்பும் குறட்டையோ வாய் அகட்டிச் சுருக்கும் ஸ்பானரையோ நட்டில் வைக்கவே வேண்டாம். மூலை மழுங்கினால் பிறகு வெல்டிங்காரரைத் தேட வேண்டும்.

எங்கள் வளவு மணல். ஜக் வைக்கலாமா?

மணலில் நேரே வைக்கக்கூடாது. உப்புவெளி, நிலாவெளி வளவுகளில் ஜக் ஒரு பக்கமாகப் புதைந்து சரியும். சீமெந்துத் தரை உள்ள இடத்தைத் தேடுங்கள். வேறு வழியில்லையென்றால் ஜக்குக்கும், தூக்கிய காரைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே ஒன்றரை அங்குலத் தடிப்பான, ஓரடிக்கு ஓரடி பலகை போடுங்கள்.

புளொக் கல்லை அடுக்கிக் காரை நிறுத்தும் பழக்கம் இங்கே நிறைய. துளைவைத்த சீமெந்துக் கல் எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் பொடியாகும். கல்லின் கீழ் காரை நம்பிப் படுக்கக்கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. ஜக்கை மட்டும் நம்பியும் படுக்கக்கூடாது. ஸ்டாண்ட் இல்லாதவர் குழி உள்ள சேர்விஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஒயிலைக் கொண்டுபோய் உங்கள் கண்முன்னே மாற்றித் தருபவர்கள் உண்டு.

இன்னொரு விடயம், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிற்பகல் வேண்டாம். திறந்த துளைக்குள்ளும் புனலுக்குள்ளும் மணல் பறந்து விழும். விடியற்காலை காற்று விழுந்திருக்கும்.

ஒயில் சூடாக இருக்க வேண்டுமா?

சூடாக இருந்தால் முழுதாக வடியும், அடியில் படிந்த தூளும் கூடவே வரும். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டால் கியர்பொக்ஸ் எளிதில் சூடேறாது. ஓட்டித்தான் ஆக வேண்டும். டவுனிலிருந்து நிலாவெளிப் பக்கம் ஒரு 15, 20 நிமிடம் ஓடிவிட்டு வந்தால் சரி. சைலன்ஸர் குழாய் பக்கத்திலேயே ஓடுவதால் வந்தவுடன் கை வைக்காமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். கன்னியா வெந்நீர் அளவுச் சூடு போதும்.

எந்த நட்டை முதலில் திறப்பது?

மேல் நட்டை. அதாவது ஒயில் ஊற்றும் நட்டை. எப்போதும், எந்த வாகனத்திலும்.

காரணம் இதுதான். கீழ் நட்டைத் திறந்து ஒயிலை முழுக்க வடித்துவிட்டு, பிறகு மேல் நட்டுக்குப் போனால், அது கறள் பிடித்துத் திரும்ப மறுக்கும். ஊற்ற வழியில்லை, உள்ளே ஒயில் இல்லை, காரை ஓட்டிக் கராஜுக்கும் போக முடியாது. மேல் நட்டு அசைய மறுத்தால் கீழ் நட்டைத் தொடவே வேண்டாம். பழைய ஒயிலோடு கராஜுக்கு ஓட்டிப்போகலாம்.

மேலே திறந்தால் காற்றும் உள்ளே போகும், ஒயில் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வடியும்.

இரண்டு நட்டையும் எப்படி அடையாளம் காண்பது?

கியர்பொக்ஸ் எது என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். ஒயில் ஃபில்டர் பொருத்தியிருப்பதும், அகன்ற தகரப் பாத்திரம்போல் அடியில் இருப்பதும் எஞ்சின். அதோடு ஒட்டி, முன் அக்ஸல் இரண்டும் வந்து நுழைவது கியர்பொக்ஸ். அதன் அடிப்பக்கத்தில் ஆகக் கீழே இருப்பது கீழ் நட்டு. பக்கச் சுவரில் பாதி உயரத்தில் இருப்பது மேல் நட்டு.

கியர்பொக்ஸ் உடம்பில் இவை தவிர வேறு சிறிய நட்டுகளும் இருக்கும். சிலவற்றின் உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் உண்டு. கழற்றினால் குண்டு உள்ளே விழும், கியர் பிடிக்காது. சந்தேகமான நட்டைத் தொடாதீர்கள். கியர் ஒயில் என்று நினைத்து எஞ்சின் ஒயிலை வடித்துவிட்டு, பிறகு கியர்பொக்ஸில் இன்னும் இரண்டு லீற்றர் ஊற்றுவதும் நடப்பதுதான். கெட்ட முட்டை மாதிரிக் கந்தக வாடை வந்தால் அது கியர் ஒயில். எஞ்சின் ஒயிலுக்கு அந்த வாடை இல்லை.

நட்டு அசையவே இல்லை. என்ன செய்வது?

கடற்காற்றில் நிற்கும் காரில் இது வழமை. முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் சுற்றித் தேய்த்து, கறள் இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் சொக்கற்றை முழுதாக உள்ளே தள்ளிப் பொருத்தி, அதன் முகத்தில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு. பிறகு நீண்ட கைப்பிடியால், துள்ளாமல், ஒரே சீராக அழுத்துங்கள். இரும்புக் குழாய் மாட்டி நீட்டலாம், ஆனால் இழுக்கும் திசை ஸ்டாண்டிலிருந்து காரைத் தள்ளும் திசையாக இருக்கக்கூடாது. அலுமினிய உடம்பில் நெருப்புக் காட்ட வேண்டாம்.

வடியும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கீழ் நட்டின் நுனியில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் படிந்திருப்பது உங்கள் கியர்பொக்ஸின் வைத்திய அறிக்கை. துடைக்காமல் வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

விரல்களுக்கிடையில் தேய்த்தால் மாவாகக் கரையும் சாம்பல் நிறக் களி: இயல்பானது. பல ஆண்டு மாற்றாத ஒயிலில் காந்தம் முழுக்க மூடியிருக்கும், பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் ஊசி போன்ற இரும்புத் துகள்: பேரிங் அல்லது பல் தேயத் தொடங்கியிருக்கிறது; புது ஒயில் ஊற்றி ஓட்டுங்கள், அடுத்த மாற்றத்தை 5,000 கிலோமீற்றரிலேயே செய்து மீண்டும் பாருங்கள். உடைந்த பல்லின் துண்டு: ஓட்ட வேண்டாம்.

காந்தத்தில் ஒட்டாமல் பேசினில் மினுங்கும் மஞ்சள் தூளும் இருக்கும். அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. கொஞ்சம் இருப்பது வழமை. நிறைய இருந்து, குறிப்பிட்ட ஒரு கியரில் அரைக்கும் சத்தமும் இருந்தால், அந்த வளையம் முடியப்போகிறது. ஒயிலால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

15 நிமிடம் வடியவிடுங்கள். வந்த ஒயிலை வெற்றுப் போத்தல்களில் ஊற்றி அளந்துகொள்வது நல்ல பழக்கம். 1.9 லீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 1.2 தான் வந்தால், எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புது ஒயில் ஊற்றிப் பயனில்லை.

பழைய வாசரையே போடலாமா?

போடாதீர்கள். அலுமினிய, செம்பு வாசர் ஒருமுறை நசிந்து முத்திரையாகிவிட்டால் மறுபடி நசியாது. அதன் விலையைப் பார்க்கும்போது கேள்வியே எழக்கூடாது. சில சுசுக்கி நட்டுகளில் வாசரே இராது. இழையில் பூசும் பசைதான் முத்திரை. அங்கே பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக மெல்லியதாகப் பூச வேண்டும். தடிப்பாக அப்பினால் உள்ளே பிதுங்கி ஒயிலில் மிதக்கும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? எங்களிடம் இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச் இல்லை.

கொரோலா சீ50க்கு இரண்டு நட்டும் 39 நியூட்டன் மீற்றர். ஹொண்டாவில் கீழ் நட்டு 39, மேல் நட்டு 44. பசை பூசும் நட்டுகளுக்கு இதைவிடக் குறைவு. 25 சென்ரிமீற்றர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 16 கிலோ பாரத்தில் அழுத்தினால் 39 வரும். முழுப்பலத்தையும் போடும் இடம் இது அல்ல. முதலில் கையால் நாலைந்து சுற்று சுலபமாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் இழை குறுக்காகப் பிடித்திருக்கிறது. கழற்றித் திரும்ப வையுங்கள். பிறகு ஸ்பானரால், வாசர் நசிவதைக் கை உணர்ந்ததும் இன்னும் கொஞ்சம். அதோடு நிறுத்துங்கள்.

நட்டு இரும்பு, உடம்பு அலுமினியம். மிதமிஞ்சி இறுக்கினால் போவது உடம்பின் இழை. அதைக் குடைந்து ஸ்பிரிங் இழை பதிப்பதற்கு லேத்துக்காரரிடம் போக வேண்டும்.

ஒயிலை எப்படி உள்ளே ஊற்றுவது? போத்தல் நுழையாதே.

பொனட்டுக்கு மேலிருந்து லெவல் டியூபை இறக்கி, நுனியை மேல் நட்டுத் துளைக்குள் இரண்டு அங்குலம் செருகுங்கள். மேல் முனையில் புனலைச் செருகிக் கம்பியால் கட்டிவிடுங்கள். ஒருவர் மேலே ஊற்ற, ஒருவர் கீழே குழாயைப் பிடித்தால் சிந்தாது. குழாய் எங்கும் மடியக்கூடாது, சூடான சைலன்ஸரில் படக்கூடாது. ஒயில் மெதுவாகத்தான் இறங்கும். போத்தலைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றினால் வேகம் கூடும்.

எப்போது நிறைந்தது என்று எப்படித் தெரியும்?

கார் நாலு சில்லும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது, மேல் நட்டுத் துளையின் கீழ் விளிம்பு வரை ஒயில் வந்தால் நிறைந்தது. குழாயை எடுத்ததும் மெல்லிய நூலாக வழிந்து, சொட்டாகி, நிற்கும். அப்போது நட்டைப் போடலாம்.

“ஒரே மட்டம்” என்பதை மீண்டும் சொல்கிறோம். முன்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கிய காரில் துளையிலிருந்து வழிவதை நம்பினால் அளவு பிழைக்கும். எந்தப் பக்கம் பிழைக்கும் என்பது துளை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஐந்தாவது கியர் பல கார்களில் கியர்பொக்ஸின் ஓர் ஓரத்தில் தனியாக இருக்கும். ஒயில் குறைந்தால் முதலில் சாவது அதுதான், ஹபரணை வீதியில் நீண்ட ஓட்டத்தில் வைத்து.

மட்டமாக நிறுத்த முடியாத இடத்தில் என்ன வழி? கைநூல் சொல்லும் அளவை அளந்து ஊற்றி மூடிவிடுங்கள். பிறகு மட்டமான தரையில், ஸ்டாண்ட் இல்லாமல், முன் சில்லை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்து, கையை நீட்டி மேல் நட்டை மட்டும் திறந்து சரிபாருங்கள்.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே?

இல்லை. கூடிய ஒயில் பற்களில் அடிபட்டு நுரைக்கும், சூடேறும், கியர்பொக்ஸுக்குள் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாயாலும் அக்ஸல் ஒயில் சீலாலும் வெளியே வரும். கிளச் பக்கச் சீலைத் தாண்டினால் கிளச் தட்டு நனைந்து வழுக்கும். ஒரு போத்தல் ஒயிலுக்காகக் கியர்பொக்ஸையே இறக்க நேரிடும்.

மண்ணெண்ணெய் விட்டு அலசினால் சுத்தமாகும் என்கிறார்களே?

செய்ய வேண்டாம். மண்ணெண்ணெய் எல்லா மூலையிலிருந்தும் வடிந்துவிடாது. தங்கும் மிச்சம் புது ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அடியில் அமைதியாகக் கிடந்த களியைக் கிளப்பி பேரிங்குக்குள் அனுப்பும். உள்ளே மிகவும் அழுக்கென்றால், புது ஒயிலையே ஊற்றி 1,000 கிலோமீற்றர் ஓடி இன்னொருமுறை வடியுங்கள். அதுதான் அலசல்.

எங்களுடையது ஹையேஸ் டொல்பின் வான். அதற்கும் இதேயா?

பின் சில்லு இழுக்கும் வண்டிகளில் இரண்டு இடம் பார்க்க வேண்டும்: நடுவில் கியர்பொக்ஸ், பின் அக்ஸலில் டிஃபரென்ஷியல். முன்னதற்குக் கைநூல் சொல்வது, பின்னதற்கு ஜீஎல்-5. இரண்டுக்கும் ஒரே போத்தலை ஊற்றுவதால்தான் பல வான்களில் இரண்டாவது கியர் அரைக்கிறது. டிஃபரென்ஷியலும் துளை விளிம்பு வரைதான். அங்கேயும் மேல் நட்டுத்தான் முதலில்.

மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் ஓட்டினேன். ஒயிலை மாற்ற வேண்டுமா?

தண்ணீர் சில்லின் நடு உயரத்துக்கு வந்திருந்தால் பார்த்தே ஆக வேண்டும். சூடான கியர்பொக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாயாலும் சீல் விளிம்பாலும் தண்ணீரை இழுக்கும். மகாவலி பெருகி மூதூர், கிண்ணியாத் தாழ்நில வீதிகள் நிரம்பும் நாட்களில் இது நடக்கும். அதில் களப்பு உப்புநீரும் கலந்திருந்தால் பேரிங் கறள்பிடிக்கச் சில நாளே போதும்.

சோதிப்பது சுலபம். காரை இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். தண்ணீர் பாரம் கூடியதால் அடியில் தங்கும். காலையில் மேல் நட்டு திறபடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஓட்டாமலேயே கீழ் நட்டை மெல்ல இளக்கி, முழுதாகக் கழற்றாமல் முதல் சொட்டுகளைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் வரும். ஏற்கெனவே ஓட்டிக் கலந்துவிட்டிருந்தால் ஒயில் வெளுத்துக் கலங்கி வரும். அப்படியானால் ஒருமுறை மாற்றினால் போதாது. புது ஒயில் ஊற்றி, சூடேறும்வரை ஓடி, உடனே வடித்து, மறுபடி நிரப்புங்கள். தெளிவாக வரும்வரை இதேதான்.

ஒயில் மாற்றியும் கியர் இறுக்கமாகவே இருக்கிறது. ஏன்?

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால் குற்றம் கிளச்சில்: கேபிள் தளர்வு, கிளச் ஒயில் குறைவு, தட்டு முழுதாகப் பிரியாமை. நிறுத்தியபோதும் இறுகினால் கியர் கம்பியின் புஷ், இணைப்புகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் அவைதான் முதலில் பிடிக்கும். இரண்டும் சரியென்றால் ஊற்றிய ஒயில் எது என்று போத்தலைத் திருப்பிப் படியுங்கள்.

றிவேர்ஸ் மட்டும் அரைப்பது பல கார்களில் நோய் அல்ல, அதற்குச் சிங்க்ரோ இல்லை. கிளச்சை மிதித்து மூன்று வினாடி பொறுத்துப் போடுங்கள்.

நியூட்ரலில் நிற்கும்போது உறுமி, கிளச்சை மிதித்ததும் நின்றுபோகும் சத்தம் கியர்பொக்ஸின் முன் பேரிங்கினுடையது. மாறாக, மிதிக்கும்போது மட்டும் வருவது கிளச் பேரிங். இரண்டுக்கும் ஒயில் மருந்தல்ல.

மாற்றிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு நட்டையும் துடைத்துக் காயவைத்து, 10 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து விரலால் தொட்டுப் பாருங்கள். இரவு கீழே ஒரு வெள்ளை அட்டை விரியுங்கள். சொட்டு விழுந்த இடம் நட்டா அக்ஸல் சீலா என்று காட்டிக்கொடுக்கும். திகதியையும் கிலோமீற்றரையும் ஒயில் வகையையும் ஒரு துண்டில் எழுதிப் பொனட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

பழைய ஒயிலை வேலிக்கட்டைக்குப் பூசலாமா? கறையானுக்கு நல்லது என்கிறார்கள்.

நிலாவெளி முதல் டவுன் வரை கரையோரத்தில் நிலம் மணல், கிணறு ஆழமில்லை. மணலில் ஊற்றியது மழையோடு நேரே கிணற்றுக்கு இறங்கும். வேலிக்கட்டையும் மணலில்தான் நிற்கிறது. ஒயில் வந்த போத்தல்களிலேயே திரும்ப நிரப்பி மூடி, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் அல்லது சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். தண்ணீர் கலந்ததை வேறாக வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

ஒட்டோ கியர் காரையும் இப்படி மாற்றலாமா?

இந்த முறையில் வேண்டாம். ஒயிலும் வேறு, மட்டம் பார்க்கும் விதமும் வேறு. சீவீடீ என்ற ஒட்டோ கியர் வகைகள் பலவற்றில் ஒயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, எஞ்சின் ஓட ஓட அளவு பார்க்க வேண்டும். கியர் ஒயிலை அதில் ஊற்றினால் கார் டோ பண்ணித்தான் வெளியே போகும்.